உடனிருப்பவளின் தகுதி

1970களின் பிற்பகுதியில் குவாத்தமாலா நகரத்துச் சமூகப் பாதுகாப்பு மருத்துவமனைக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்கள் தனியாகத்தான் வலி தாங்கினார்கள். தாயோ கணவனோ பிரசவ அறைக்குள் வர அனுமதி இல்லை. ரொபெர்ட்டோ சோசா என்ற மருத்துவரும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களான ஜான் கென்னலும் மார்ஷல் கிளவுஸும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். தாய்மாரைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கொரு பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். முன்பின் பார்த்திராத பெண். அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேச்சுக் கொடுத்தாள், பிள்ளை பிறக்கும்வரை அகலாமல் இருந்தாள். 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. சிக்கல் இல்லாமல் பிள்ளை பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், தனியாக இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் ஆகும்வரை சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. துணையோடு இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம்.

ஒவ்வொரு பக்கத்திலும் 20 தாய்மார்களை வைத்துப் போட்ட கணக்கு அது, சிறிய ஆய்வுதான். ஆனால் பத்தரை மணி நேர வலி குறைகிறது என்பதைச் சிறிய விஷயமாக யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் வந்தன. அந்தத் துணைப்பெண்களைப் பற்றி ஆய்வாளர்கள் தெரிவித்த ஒரு விவரத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: அவர்கள் எந்தப் பயிற்சியும் பெறாத சாதாரணப் பெண்கள்.

அந்த வேலைக்கு இன்று அமெரிக்காவில் டூலா என்று பெயர். பயிற்சி வகுப்பு, படிக்க வேண்டிய நூல்கள், பார்த்து முடிக்க வேண்டிய பிரசவங்கள், சான்றிதழ், அதைப் புதுப்பிக்கக் காலக்கெடு எல்லாம் வந்துவிட்டன. பயிற்சி இல்லாத பெண்களை வைத்தே பலன் நிரூபிக்கப்பட்ட ஒரு வேலைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும், சான்றிதழை யார் தருவது, அது இல்லாதவளை எங்கே நிறுத்துவது? இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் வலியில் கிடக்கும் ஒருத்தியின் பக்கத்தில் யார் நிற்கலாம், யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பது முடிவாகிறது. அதனால்தான் இதைத் தொழில்முறை ஏற்பாடு என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1992இல் கிளவுஸ், கென்னல், மனநல ஆலோசகர் ஃபிலிஸ் கிளவுஸ், சியாட்டிலைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பென்னி சிம்கின், ஆனி கென்னடி ஆகியோர் சேர்ந்து ‘டோனா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது டோனா இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அது இத்துறையில் மிகவும் அறியப்பட்ட அமைப்பு. அதன் பிரசவ டூலா சான்றிதழ் பெற விரும்புகிறவர் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். பிரசவம் பற்றியும் தாய்ப்பால் ஊட்டுவது பற்றியும் படிக்க வேண்டும். குறிப்பிட்ட நூல்களை வாசிக்க வேண்டும். தம் ஊரில் ஒரு தாய்க்குத் தேவைப்படக்கூடிய உதவிகள் எங்கெங்கே கிடைக்கும் என்று பட்டியல் தயாரிக்க வேண்டும். மூன்று தாய்மாருக்குப் பிரசவத்தில் துணை நிற்க வேண்டும். அந்தத் தாய்மாரும், அங்கிருந்த மருத்துவரோ செவிலியரோ அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும். ஒழுக்க விதிகளில் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் இதில் எதையும் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரிமம் வேண்டும். டூலா என்று சொல்லிக்கொள்ள உரிமம் வேண்டாம். எந்த அமைப்பின் வகுப்புக்கும் போகாமல் இருபது ஆண்டு இந்த வேலை செய்த பெண்களும் இருக்கிறார்கள். வார இறுதியில் வகுப்பு முடித்து, திங்கட்கிழமை பெயர்ப்பலகை வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

டோனாவின் விதிகளில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது, என்னென்ன செய்யக்கூடாது என்று சொல்லும் பகுதி. டூலா உள்பரிசோதனை செய்யக்கூடாது. இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் கருத்துச் சொல்லக்கூடாது. மருந்து சொல்லக்கூடாது. தாயின் வாயிலிருந்து முடிவைப் பிடுங்கித் தானே மருத்துவரிடம் பேசக்கூடாது. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று தாய் கேட்டால், டாக்டரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம். பதிலைத் தான் சொல்லிவிடக்கூடாது. தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பை அடக்குவது எளிதல்ல. பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருக்கிறது; இன்னொருத்தி வலியில் துடிக்கும்போது அந்தக் கதை தானாக வெளியே வரப் பார்க்கும். ‘எனக்கு மூணு நாள் வலி, உனக்கென்ன’ என்பது ஆறுதல் சொல்ல வந்தவள் வாயிலிருந்தே வருகிற பேச்சு. தன் பிரசவத்தைத் தாயின் பிரசவத்தின் மேல் போர்த்தாமல் இருப்பதற்குப் பயிற்சி தேவை என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் பலன் எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1991இல் கென்னலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜெபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைகளுக்கான பொது மருத்துவமனை அது. முதல் பிரசவத்துக்கு வந்த 616 பெண்கள். ஒரு பிரிவுக்கு டூலா துணை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்றாவதாக ஒரு பிரிவு: அதில் ஒரு பெண் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து நடப்பதைக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லை, தொடவும் இல்லை. சிசேரியன் ஆனவர்கள் டூலா பிரிவில் 8 சதவீதம், வழக்கமான பிரிவில் 18 சதவீதம். பேசாத பெண் உட்கார்ந்திருந்த பிரிவில் 13 சதவீதம். வலி மரத்துப்போக முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் பெற்றவர்கள் டூலா பிரிவில் 8 சதவீதத்துக்கும் குறைவு, வழக்கமான பிரிவில் 55 சதவீதம், பேசாத பெண் இருந்த பிரிவில் 23 சதவீதம் அளவு.

அந்த மூன்றாவது பிரிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அவள் எதையும் செய்யவில்லை. செய்யக்கூடாது என்பதுதான் அவளுக்கு இட்ட கட்டளை. அறையில் இருந்தாள், போகவில்லை, அவ்வளவே. தன்னை விட்டுவிட்டு எல்லாரும் போய்விடவில்லை என்று தாய்க்குத் தெரிந்தது காரணமா, ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பதால் மருத்துவமனை ஊழியர்கள் கொஞ்சம் பார்த்து நடந்துகொண்டது காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே இருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அதற்குச் சான்றிதழ் வகுப்பு எதுவும் காரணம் இல்லை.

அதே 1991இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜஸ்டஸ் ஹாஃப்மேயர் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே துணை நின்றவர்கள் சுற்றுவட்டாரத்துச் சாதாரணப் பெண்கள். ஆறுதல் சொல்லுங்கள், தைரியம் கொடுங்கள், பாராட்டுங்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. துணை இருந்த தாய்மாரிடம் பதற்றம் குறைவாக இருந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் அதிகம் பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2006இல் நியூஜெர்சியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, தாய் தானே தேர்ந்தெடுத்த தோழியையோ உறவுக்காரப் பெண்ணையோ இரண்டு அமர்வுகளுக்கு அழைத்தது. அமர்வு ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். ஆக நான்கு மணி நேரப் பயிற்சி பெற்ற அக்காவோ சிநேகிதியோ பக்கத்தில் நின்றபோது, வருமானம் குறைந்த 600 தாய்மாரிடையே செய்த அந்த ஆய்வில் பிரசவ நேரம் ஒரு மணிக்கும் மேல் குறைந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. எலன் ஹாட்னெட் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 13 மருத்துவமனைகளில் 6,915 தாய்மாரைக் கொண்டு நடந்தது; 2002இல் வெளியானது. அதில் துணை நின்றவர்கள் பிரசவ வார்டுச் செவிலியர்கள். படித்தவர்கள், உரிமம் பெற்றவர்கள், தாய்க்கு எப்படி ஆதரவாக இருப்பது என்று கூடுதல் பயிற்சியும் பெற்றவர்கள். தொடர்ந்து உடனிருந்தார்கள். சிசேரியன் விகிதம் துணை இருந்த பிரிவில் 12.5 சதவீதம், இல்லாத பிரிவில் 12.6. ஒன்றும் மாறவில்லை.

குவாத்தமாலாவில் பயிற்சியே இல்லாத பெண்ணால் ஆன காரியம், வட அமெரிக்காவில் தேர்ந்த செவிலியால் ஏன் ஆகவில்லை? ஆய்வாளர்கள் தந்த விளக்கம், மருத்துவத் தலையீடுகள் மலிந்த மருத்துவமனையின் வழக்கங்கள் அந்தத் துணையின் பலனை விழுங்கிவிட்டன என்பது. செவிலி அந்த மருத்துவமனையின் ஊழியர். அவருடைய கண் தாயின் மேலும் இருக்க வேண்டும், மானிட்டர் மேலும் இருக்க வேண்டும், மேலதிகாரியின் முகத்தின் மேலும் இருக்க வேண்டும். இது அவருடைய குறை அல்ல. துணையை மட்டும் மாற்றிவிட்டு வார்டை அப்படியே வைத்திருந்தால் எவ்வளவு தேர்ந்த துணையாலும் ஓரளவுக்கு மேல் முடியாது. பின்னால் பல ஆய்வுகளையும் ஒருசேரப் பரிசீலித்தபோது, துணை நிற்பவர் மருத்துவமனை ஊழியராகவோ தாயின் உறவினராகவோ இல்லாதபோது பலன் கூடுதலாகத் தெரிந்ததும் இதனோடு பொருந்துகிறது. மெகன் போரன் முதலானோர் 2017இல் காக்ரேன் அமைப்புக்காகச் செய்த தொகுப்பு 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, இயல்பான பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, பிரசவத்தை நினைத்து மனம் கசப்பவர்கள் குறைகிறார்கள். துணை நிற்பதால் தீங்கு ஏதும் தெரியவரவில்லை. பிரசவ அறையில் கையாளப்படும் முறைகளில் இவ்வளவு பலனும் இவ்வளவு பத்திரமும் உள்ளவை அரிது.

மனக்கசப்பு என்று சொன்னேன். பென்னி சிம்கின் 1991இல் ஒரு சிறு ஆய்வு வெளியிட்டார். 20 பெண்கள். முதல் பிரசவம் முடிந்த சூட்டில் அவர்கள் எழுதிவைத்ததையும், 15 முதல் 20 ஆண்டுகள் கழித்து அவர்கள் நினைவிலிருந்து எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நினைவு மங்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார், நர்ஸ் எந்தத் தொனியில் பேசினார் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. மன நிறைவோடு நினைத்தவர்கள், தங்களை மதித்து நடத்தினார்கள், முடிவுகளில் தங்களுக்கும் பங்கு இருந்தது என்று சொன்னவர்கள். வலி எத்தனை மணி நேரம் என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. நம் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டாலும் இது தெரியும். அறுபது ஆண்டுக்கு முந்தைய பிரசவத்தில் யார் திட்டினார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்வார்கள்.

ஆகவே பயிற்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பக்கத்தில் நிற்பவள் சொல்லும் ஒரு சொல் இருபது ஆண்டு தங்கும் என்றால், அந்தச் சொல்லைப் பற்றி அவள் ஒரு நாளாவது யோசித்துவிட்டு வருவது நல்லது. இடுப்பு வலி முதுகுப் பக்கம் இறங்கும்போது எங்கே அழுத்த வேண்டும், மல்லாந்து கிடப்பதைவிட நடப்பதும் ஒருக்களிப்பதும் முட்டி போட்டுக் குனிவதும் எப்போது உதவும், வலி வந்து போகும் இடைவெளியில் எப்படி ஓய்வெடுக்க வைப்பது என்பதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. எப்போது உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. இரத்தப்போக்கு, பார்வை மங்கல், திடீர்த் தலைவலி, பனிக்குட நீரின் பச்சை நிறம் ஆகியவற்றைக் கண்டும் பேசாதிருக்கும் அன்பு ஆபத்தானது. என் எண்ணம், இவற்றையெல்லாம் கற்றுக்கொடுப்பது வேறு, கற்றதற்குச் சான்று இல்லாதவளை வெளியே நிறுத்துவது வேறு. முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவதைச் செய்வதற்கு முன் அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் கறுப்பினத்துப் பிள்ளைகளைப் பல தலைமுறைகளாக மருத்துவச்சிகளே ஏந்தி எடுத்தார்கள். பிரசவம் பார்த்ததோடு சமைத்துப் போட்டார்கள், துணி துவைத்தார்கள், பக்கத்தில் இருந்தார்கள். இன்று டூலா செய்யும் வேலையும் அவர்களுடையதே. 1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்து, தாய்-சேய் நலத்துக்கு மத்திய அரசின் பணம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் அனுமதிச்சீட்டும் ஏற்பட்டன. மாதக் கூட்டத்துக்கு வர வேண்டும், பை சுத்தமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கை கழுவுவதும், தொப்புள்கொடியைச் சுத்தமான கருவியால் அறுப்பதும், பிறந்த குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விடுவதும் உயிர்களைக் காத்தன. அதை மறுப்பது நேர்மை ஆகாது. ஆனால் அதே சீட்டுதான் பிறகு அவர்களை ஒவ்வொருவராக விலக்கவும் உதவியது. புதிய சீட்டு கொடுப்பதை நிறுத்தினார்கள். 1976இல் அலபாமா சட்டம் போட்டு இந்த மருத்துவச்சிகளுக்கு முடிவு கட்டியது. மொபைல் பகுதியில் ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எடுத்த ஆனி லீ லோகனின் அனுபவங்கள் 1989இல் நூலாக வந்தன. பல பத்தாண்டு உழைத்தவருக்குச் சுகாதாரத் துறையிலிருந்து கடைசியில் வந்தது, இனி உங்கள் சேவை தேவையில்லை என்னும் கடிதம்.

அந்த மாநிலங்களில் பிரசவத்தில் கறுப்பினப் பெண்ணின் அவலநிலை இன்றும் தீரவில்லை. 2021இல் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் பேறுகால மரண விகிதம் ஒரு லட்சம் பிறப்புக்கு 69.9, வெள்ளையரைப்போல் 2.6 மடங்கு. இந்த அநீதியைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் பல மாநிலங்கள் இப்போது ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் டூலாவுக்குப் பணம் தர முன்வந்திருக்கின்றன. அந்த நோக்கம் உயர்ந்தது. பணம் தருவதென்றால் யாருக்குத் தருவது என்று வரையறுக்க வேண்டும். அந்த இடத்தில் சான்றிதழ் திரும்பவும் வாசலில் வந்து நிற்கிறது.

மின்னசோட்டா இதில் முன்னோடிகளுள் ஒன்று. 2013இல் சட்டம் இயற்றியது. மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏற, மாநிலம் ஏற்ற அமைப்புகளில் ஒன்றின் சான்றிதழ் வேண்டும். பயிற்சிக்கும் பதிவுக்குமாகப் பல நூறு டாலர் ஆகும். சான்றிதழுக்கு வேண்டிய முதல் சில பிரசவங்களைப் பலரும் சம்பளம் இல்லாமலோ மிகக் குறைந்த தொகைக்கோ பார்க்கிறார்கள். பிரசவம் நேரம் சொல்லிக்கொண்டு வராது. நாள் குறித்ததற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நள்ளிரவில் கூப்பிட்டால் தன் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு ஓட வேண்டும். கூலிக்கு ஷிப்ட் பார்க்கும் பெண்ணால் இது எத்தனை பிரசவத்துக்கு முடியும்? எந்தத் தாய்மாருக்கு இந்தத் துணை மிகவும் தேவையோ, அந்தத் தாய்மாரின் தெருவிலிருந்து வரும் பெண்ணுக்குத்தான் இந்தப் படி மிக உயரமாக இருக்கிறது.

நியூயார்க் மாநிலம் 2019இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் 30 டாலர், பிரசவத்துக்கு 360 டாலர் என்று எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 600 டாலர் வைத்தார்கள். போதுமான டூலாக்கள் சேரவில்லை. 2024இல் மாநிலம் முழுவதும் திட்டத்தை விரித்தபோது நியூயார்க் நகரத்துக்கு 1,500 டாலராக உயர்த்தினார்கள். சம்பளத்தை உயர்த்தியதும் ஒரு தகுதி ஏற்பாடுதான் என்று நான் நினைக்கிறேன். வசதி உள்ளவள் மட்டுமே செய்யக்கூடிய சேவையாக இருந்ததை, பிழைப்பாகவும் கொள்ளத்தக்க வேலையாக அது மாற்றுகிறது.

கலிபோர்னியா 2023 ஜனவரியிலிருந்து தன் மெடி-கால் திட்டத்தில் டூலாவைச் சேர்த்தபோது இன்னொரு நல்ல காரியம் செய்தது. இரண்டு வழி வைத்தது. குறைந்தது 16 மணி நேரப் பயிற்சியும் மூன்று பிரசவங்களும் ஒரு வழி. கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு இந்த வேலை செய்திருந்து, தாய்மாரோ இத்துறையில் உள்ளவர்களோ எழுதித் தரும் மூன்று கடிதங்களைக் கொண்டுவந்தால் அது இன்னொரு வழி. இரண்டுக்கும் பொதுவாக, மூச்சு நின்றால் செய்யும் முதலுதவிப் பயிற்சியும் நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லாதிருக்கும் விதிகளைப் பற்றிய பயிற்சியும் கட்டாயம். இந்த இரண்டாவது வழி இருந்திருந்தால் ஆனி லீ லோகன் வாசலைத் தாண்டியிருப்பார். எந்த அமைப்பின் முத்திரையும் கேட்காமல், அவள் யாருக்குத் துணை நின்றாளோ அவர்களையே கேட்கிற அந்த ஏற்பாட்டை நான் உளமாரப் பாராட்டுகிறேன்.

சான்றிதழ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை 2020 மார்ச் காட்டியது. கொரோனா பரவியபோது நியூயார்க்கின் இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பிரசவ அறைக்குத் துணைக்கு யாரும் வரக்கூடாது என்றன, கணவன்கூட வரக்கூடாது. எதிர்ப்பு எழுந்து, ஆளுநர் ஆணை போட்டு ஒருவரை அனுமதிக்க வைத்தார். அந்த ஒருவர் கணவன் என்றால் டூலா வெளியே. தாயோடு ஏழு மாதம் பழகியவள், பயிற்சியும் சான்றிதழும் உள்ளவள், அப்போது வெறும் பார்வையாளர். ஏப்ரல் கடைசியில்தான் டூலாவையும் அனுமதிக்க ஆணை வந்தது. அன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி அவளுடைய தகுதியைப் பற்றியதே அல்ல. அந்த மருத்துவமனை துணையைப் பிரசவத்தின் ஒரு பகுதியாக எண்ணுகிறதா என்பது.

தமிழ்நாட்டில் 2004இலேயே அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் தாயோடு ஒரு பெண் துணைக்கு இருக்க அரசு வழி செய்தது. இந்தியாவில் வேறு மாநிலங்கள் யோசிக்காத காலம். 2016இல் மத்திய சுகாதார அமைச்சகமும் நாடு முழுவதற்கும் இதை ஏற்றது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தாய் விரும்பும் துணை ஒருவர் பிரசவம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. 2016ஆம் ஆண்டு அறிவிப்பு துணைக்கு வகுத்த தகுதிகளைப் படித்துப் பார்த்தேன். தானும் பிரசவ வலியைக் கண்ட பெண்ணாக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக்கூடாது. சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும். பிரசவம் முடியும்வரை உடனிருக்கச் சம்மதிக்க வேண்டும். ஊழியர்களின் வேலையில் குறுக்கிடக் கூடாது. பிரசவ அறையில் உள்ள மற்ற பெண்களைக் கவனிக்கப் போகக்கூடாது. வார்டில் மறைப்பும் அந்தரங்கமும் இருக்கும் இடங்களில் கணவனையும் அனுமதிக்கலாம்.

16 மணி நேரமும் இல்லை, கட்டணமும் இல்லை. பிள்ளை பெற்றவள் என்பதே தகுதி. குவாத்தமாலா, ஜோகன்னஸ்பர்க் ஆய்வுகளின் சாரத்தை நேராக எடுத்து விதியாக்கியது போல இருக்கிறது, எழுதியவர்களை மதிக்கிறேன். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் பயிற்சி பெற்ற டூலாக்களை வசதியுள்ள குடும்பங்கள் அமர்த்திக்கொள்கின்றன. இந்தியாவில் அதற்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. மற்ற எல்லாருக்கும் துணை என்பது அம்மாவோ மாமியாரோ நாத்தனாரோதான். அந்த அம்மாவுக்கு விதி இடம் தந்திருக்கிறது. உள்ளே போனதும் எங்கே நிற்பது, எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. அவள் பார்த்ததெல்லாம் தன் பிரசவம் ஒன்றுதான். அதுவும் முப்பது ஆண்டுக்கு முன்பு. டாக்டர் வந்தால் சுவரோரம் ஒதுங்குகிறாள். மகள் கத்தினால் சத்தம் போடாதே என்கிறாள், ஏனென்றால் சத்தம் போட்டால் நர்ஸ் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அவளுக்கு. கூட்டம் அதிகமாகிவிட்டால் முதலில் வெளியே அனுப்பப்படுகிறவளும் அவளே. வராண்டாவில் பிளாஸ்க்கும் பழந்துணிப் பையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை எந்த ஊர் ஜிஎச்சிலும் பார்க்கலாம். அவர்களில் பலர் உள்ளே இருக்க உரிமை உள்ளவர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

மருத்துவமனைப் பிரசவத்தை நான் குறை சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20இல் பேறுகால மரணம் லட்சம் பிறப்புக்கு 54. இந்திய அளவில் 97. இந்த உயிர்கள் டாக்டர்களும் செவிலியர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் பல பத்தாண்டு உழைத்துக் காப்பாற்றியவை. அதே கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இதற்குக் காரணங்கள் பல. துணை ஒருத்தி நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது ஹாட்னெட்டின் ஆய்வை மறந்து பேசுவதாகும். ஆனால் சிசேரியனைக் குறைக்க உதவும், அதிகச் செலவு இல்லாத, தீங்கு இல்லாத ஒரு வழி கையில் இருக்கும்போது அதை வராண்டாவில் உட்கார வைத்திருக்கிறோம் என்பது என் மனத்தாங்கல்.

அதனால் அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சான்றிதழை அல்ல, நியூஜெர்சி ஆய்வின் அந்த நான்கு மணி நேரப் பயிற்சியை. ஆரம்ப சுகாதார நிலையத்துக் கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் ஏழாம் மாதத்திலிருந்து தாயோடு வருகிறவள் பெரும்பாலும் துணைக்கு நிற்கப்போகிறவளே. அவளை வெளி பெஞ்சில் உட்கார வைக்காமல், இரண்டு தடவையாக உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் தடவை, பிரசவ அறையைக் கண்ணால் காட்டுவது, முதுகை எப்படி அழுத்துவது, எப்படி நடக்க வைப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே கூப்பிடுவது. இரண்டாவது தடவை, எதைச் சொல்லக்கூடாது என்பது. கிராம சுகாதார செவிலியருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். இதற்குத் தனி ஆள் வேண்டும், அந்த ஆள் அதே ஊரில் நல்லபடியாகத் துணை நின்று பேர் வாங்கிய பெண்ணாக இருக்கலாம், அவளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கூடவே டூட்டி டாக்டருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் ஆயாவுக்கும் பயிற்சி வேண்டும்: துணை அருகில் நிற்கும்போது எப்படி வேலை செய்வது, தாயிடம் கேட்காமல் அவளை வெளியே அனுப்பாதிருப்பது எப்படி என்று. ஒரே அறையில் மூன்று நான்கு மேஜைகள் இருக்கும் இடத்தில் நடுவே திரை போட வேண்டும். திரை இல்லாததைக் காரணம் காட்டித்தான் பல இடங்களில் துணை மறுக்கப்படுகிறது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் தருகிறோமே, அந்தப் பதிவிலேயே துணைக்கு யார் என்று தாயைக் கேட்டுப் பெயர் எழுதிவிடலாம். தாய் சொல்லும் பெயர். மாமியார் சொல்லும் பெயர் அல்ல. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் தாயிடம் மூன்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: அந்தப் பெண் உன்னோடு இருந்தாளா, எவ்வளவு நேரம் இருந்தாள், யாராவது அவளை வெளியே போகச் சொன்னார்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை மாதாமாதம் மாவட்டச் சுகாதார அலுவலர் படித்தாக வேண்டும் என்று ஓர் ஆணை போட, புதிதாகப் பணம் எதுவும் தேவையில்லை.